கூஜாவுக்கு ஒரு கேரவன்

"அண்ணன் கீழ்த்தட்டுல இருக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

டைரக்டர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அரண்மனைச் சமையலறை செட். மூன்றடுக்கு மர அலமாரி. மேலே கோப்பைகள், நடுவில் தட்டுகள், கீழே வெள்ளை உடம்பில் நீலப் பூப் போட்ட பீங்கான் கூஜா ஒன்று, மூடியைச் சற்றே சாய்த்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"அது கூஜா சார்."

"அது அண்ணன்."

இதில் வாதாட இடமில்லை. கதைப்படி அது அண்ணன்தான். சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்ட மந்திரவாதி ஒருவன் 'ஏதாவது ஒரு சாமானாகப் போ' என்று சபிக்க, இளவரசன் கூஜாவாகிச் சமையலறைச் சாமான்களுக்குள் ஒளிந்துகொள்கிறான். அந்தச் சமையலறையில் சாமான்கள் எல்லாம் பேசும். கரண்டி கோள்மூட்டும், துடைப்பம் தத்துவம் பேசும், மந்திரவாதியின் கையாளான வாணலி எல்லோரையும் மிரட்டும். படத்தில் முக்கால்வாசி நேரம் இளவரசன் கூஜாவாகத்தான் வருவான். இளவரசனாக நடிப்பவர், ஊரே அண்ணன் என்று கூப்பிடுகிற பெரிய நட்சத்திரம். ஆகவே மேனேஜர் சொன்னது வாஸ்தவம்தான்.

"நடுத்தட்டுல வெக்கலாமா?"

"அப்ப மேல்தட்டுல யாரு?"

"கோப்பைங்க."

மேனேஜர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் படப்பிடிப்பு நிற்கப்போகிறது என்று அர்த்தம்.

கூஜா மேல்தட்டுக்குப் போயிற்று. பாத்திரம் கழுவும் பெண்ணாக நடித்த கதாநாயகி, கூஜாவோடு மனம்விட்டுப் பேச ஏணியில் ஏறவேண்டி வந்தது. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குன்னு இந்த உலகத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இது காதல் காட்சியா, வெள்ளையடிக்கிற காட்சியா?" என்றார் கேமராமேன்.

மேனேஜரே வழி சொன்னார். "அண்ணனை இறக்க வேண்டாம். மத்ததை எல்லாம் இறக்குங்க."

தட்டு, கோப்பை, கிண்ணம் எல்லாம் தரைக்கு வந்தன. கூஜா மட்டும் அலமாரியில் தனியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் உள்ளே வந்தார். அவருடைய தொழில் பீங்கான் சாமான் தயாரிப்பது. செட்டில் இருந்த ஒவ்வொரு தட்டும் அவருடைய தொழிற்சாலையில் சுட்டது.

"எங்க டின்னர் செட் தரையிலயா?" என்று அவர் போட்ட சத்தத்தில் இரண்டு சாஸர்கள் அதிர்ந்தன.

தட்டுகள் அலமாரிக்குத் திரும்பின. கூஜாவுக்கு என்று தனி மேடை போட்டு, சிவப்பு வெல்வெட் விரித்து, பின்னால் ஒரு திண்டும் வைத்தார்கள். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. டைரக்டருக்குத்தான் சிக்கல். ஏனென்றால் அடுத்த காட்சியில் மந்திரவாதி சமையலறைக்குள் வந்து, 'எந்தச் சாமானுக்குள் ஒளிந்திருக்கிறான் அந்த இளவரசன்?' என்று கர்ஜிக்கவேண்டும். நட்டநடுவில் வெல்வெட்டில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் கூஜாவைப் பார்த்தபிறகு அதைக் கேட்கிறவன் மந்திரவாதியாக இருக்க முடியாது.

யோசித்து, மந்திரவாதிக்குக் கண் பார்வை மங்கல் என்று ஒரு வசனம் சேர்த்தார்.

"பார்வை இல்லாதவனை அண்ணன் அடிச்சா ஜனங்க ஏத்துக்குவாங்களா?" என்றார் மேனேஜர்.

கடைசியில் மந்திரவாதிக்கு மூக்குக் கண்ணாடி கொடுத்து, அதை முதல் காட்சியிலேயே கரண்டி திருடிவிட்டதாகக் கதையை மாற்றினார்கள். இளவரசன் ஒளிந்திருந்த படம் போய், மந்திரவாதி கண்ணாடி தேடுகிற படமாக அது ஆனது இப்படித்தான்.

டைரக்டருக்கு இது முதல் படம். யாராவது "டைரக்டர் சார்" என்று கூப்பிட்டால் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று இன்னும் திரும்பிப் பார்ப்பவர். தலையில் நரை எட்டிப்பார்க்கும்வரை வெவ்வேறு இயக்குநர்களிடம் கிளாப் அடித்து, குடை பிடித்து, திட்டு வாங்கி வளர்ந்தவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கதை. சொல்லப்போனால் அதுகூட இல்லை, ஒரே ஒரு காட்சி.

சாபம் தீர ஒரே ஒரு வழிதான். அந்தக் கூஜாவை யார் உயிருக்கு உயிராக நேசிக்கிறார்களோ அவர்கள் தங்கள் கையாலேயே அதைப் போட்டு உடைக்கவேண்டும். உள்ளேயிருந்து இளவரசன் வருவானா, வெறும் ஓடுதான் மிஞ்சுமா என்பது உடைத்த பிறகுதான் தெரியும். பாத்திரம் கழுவும் பெண் கூஜாவைத் தூக்குகிறாள். முடியாமல் மடியில் வைத்துக்கொள்கிறாள். மறுபடி தூக்குகிறாள். கூஜா, "போடு, பரவாயில்லை, போடு" என்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுகிறாள்.

இதை டைரக்டர் சொல்லும்போதெல்லாம் அவரே கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மீதி இரண்டு மணி நேரத்தையும் எழுதியிருந்தார். கேட்ட தயாரிப்பாளர்கள் எல்லோரும், "நல்லா இருக்கு, ஆனா பேய்ப்படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பீங்கான் முதலாளி மட்டும் 'கூஜா' என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மீதிக் கதையை அவர் கேட்டாரா என்பது சந்தேகம்தான்.

"பெரிய ஹீரோ ஒருத்தர் கிடைச்சா எடுத்துடலாம்" என்றார்.

அதற்கு மறுவாரமே, அண்ணனின் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு இவர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு போன். ஒன்று ஊரோடு பேச, மற்றது அண்ணனோடு மட்டும் பேச.

"அண்ணன் நேரா கதை கேக்க மாட்டார். நான் கேட்பேன். என் காது அவர் காது" என்றார்.

டைரக்டர் சொன்னார். உடைக்கிற காட்சி வந்தபோது மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்கட்டை அப்படியே தட்டில் வைத்தார். மறுநாள் காலையில் போன் செய்தார்.

"அண்ணன்கிட்ட சொன்னேன். அழுதுட்டார்."

டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் அழுதார்! தம் கதையைக் கேட்டு! அன்று முழுக்க எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் சொல்லக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. "அண்ணன் கூஜாவா நடிக்கிறாருன்னு வெளிய தெரிஞ்சா சுவாரசியம் போயிடும். ரிலீஸ் வரைக்கும் ரகசியம்." சாபத்துக்கு முந்தைய காட்சிகளில் இளவரசனை முதுகுப்பக்கமாகக் காட்டினால் போதும், அதற்கு ஒரு டூப் போதும். கடைசியில் கூஜா மனிதனாக மாறும் ஒரு நாள் மட்டும் அண்ணன் முகத்தோடு வருவார். பெரிய நடிகர்கள் படமென்றால் இப்படித்தான் நடக்கும் என்று டைரக்டருக்குத் தெரியும். முகமும் முதுகும் சந்தித்துக்கொள்ளாத எத்தனையோ படங்களில் அவர் குடை பிடித்திருக்கிறார்.

அதற்கடுத்த தகராறு பாத்திரம் கழுவுவதில் வந்தது.

கதாநாயகி சோப்பும் நாரும் எடுத்துக் கூஜாவைத் தேய்க்கப் போனாள். மேனேஜர் கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்தார்.

"அண்ணன் மூஞ்சியில நாரா!"

"பாத்திரம் கழுவுற பொண்ணு சார். பாத்திரத்தைக் கழுவணும்."

"கழுவட்டும். அண்ணனைத் தவிர."

"அவளுக்கும் கூஜாவுக்கும் பழக்கமே கழுவுறதுல இருந்துதான சார் வருது?"

"பட்டுத் துணியால ஒத்தி எடுக்கட்டும். அண்ணன் நேத்தே சொல்லிட்டார், தண்ணி மட்டும் மேல படக் கூடாதுன்னு. சளி பிடிச்சுக்குமாம்."

பட்டுத் துணி வந்தது. பாத்திரம் கழுவும் பெண்ணிடம் பட்டுத் துணி எப்படி வந்தது என்று கேமராமேன் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் அவளை மாறுவேடத்தில் வந்த பக்கத்து நாட்டு இளவரசியாக்கினார்கள். இளவரசி எதற்குப் பாத்திரம் கழுவவேண்டும் என்று அடுத்த கேள்வி எழுந்தபோது, அவளைக் கழுவுவதிலிருந்தே விடுவித்தார்கள். அவளுக்கு இப்போது படத்தில் வேலை ஒன்றுமில்லை. கூஜாவின் பக்கத்தில் நின்று விசிறினாள்.

"இந்த அம்மா கழுவலைன்னா எங்க தட்டெல்லாம் அழுக்கா தெரியுமே" என்று பீங்கான் முதலாளி கவலைப்பட்டார். துடைப்பம், கரண்டி, கோப்பை எல்லாம் சேர்ந்து தங்களைத் தாங்களே கழுவிக்கொள்வதுபோல் ஒரு பாட்டு வைத்தார்கள். அதில் ஒவ்வொரு தட்டும் ஒரு தடவை திரும்பி, பின்பக்கம் இருக்கும் கம்பெனி முத்திரையைக் காட்டியது.

வாணலியால் வந்த வினை இதைவிடப் பெரிது. வாணலி கூஜாவைவிட அகலமாக இருப்பதை மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார்.

"வில்லன் அண்ணனைவிடப் பெரிசா?"

"வில்லன் பெரிசா இருந்தாத்தான சார் ஹீரோ ஜெயிக்கிறது நல்லா இருக்கும்?"

"அப்ப அண்ணனை அதைவிடப் பெரிசாக்குங்க."

பீங்கான் முதலாளியின் தொழிற்சாலையில் புதிதாக ஒரு கூஜா சுட்டார்கள். இடுப்பளவு உயரம். நீலப் பூக்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அதை நகர்த்த நாலு பேர் வேண்டியிருந்தது. சினிமாவில் கூஜா தூக்காதவர்கள் யார் இருக்கிறார்கள். ஆனால் நிஜமாகவே தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டு, எண்ணெய் தடவிக்கொண்டவர்கள் இந்தப் படத்தில் வேலை செய்தவர்கள் மட்டும்தான்.

பெரிய கூஜா வெயிலில் நின்றால் மெருகு போய்விடும் என்று மேனேஜர் சொன்னார். கூஜாவுக்குக் குளிர்சாதன கேரவன் வந்தது. கூஜா தனியாக இருக்கக் கூடாது என்பதால் மேனேஜரும் கூடவே இருந்தார். கூஜாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போயிற்று. கூஜாவுக்கு இரண்டாவது தடவை சாதம் வேண்டும் என்று கேரவன் கதவு திறந்து குரல் வந்தபோது, பரிமாறுகிறவர் கேள்வி கேட்காமல் போட்டுவிட்டு வந்தார். அண்ணன் சாப்பாட்டுப் பிரியர் என்று ஊருக்கே தெரியும்.

காலையில் கூஜா செட்டுக்குள் வரும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. கேமராமேன்தான் முதலில் எழுந்து ஒரு கும்பிடு போட்டார். லைட்மேன்கள் சிரித்தார்கள். மறுநாள் சிரிக்காமல் எழுந்தார்கள். அதற்கும் அடுத்த நாள், எழுந்திருக்காத ஒருவரை மற்றவர்கள் முறைத்தார்கள். கூஜாவுக்கு முன்னால் டைரக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மேனேஜர் ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. டைரக்டரின் கால் தானாக இறங்கியது.

இத்தனைக்கும் டைரக்டர் வாய் திறக்கவில்லை. கேமராமேன் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டுறீங்களே, எங்கயாவது ஒரு இடத்துல முடியாதுன்னு சொல்லுவீங்களா?"

"உடைக்கிற ஸீன் எனக்கு இருக்குய்யா. அதை நான் எடுத்துட்டா போதும். மத்தது எல்லாம் என்னவா வேணா போகட்டும்."

போயிற்று. உடைக்கிற காட்சிக்கு முதல் நாள் மேனேஜர் கேரவனுக்கு வரச் சொன்னார். பீங்கான் முதலாளியும் அங்கே இருந்தார். கூஜா ஜன்னலோரமாக இருந்தது. டைரக்டருக்கு உட்கார இடம் இல்லை.

"ஒரு பொண்ணு அண்ணனைத் தூக்கிப் போட்டு உடைக்கிறது சரியா வராது" என்றார் மேனேஜர்.

டைரக்டருக்கு முதலில் விளங்கவில்லை. "சார், அதைக் கேட்டுத்தான அண்ணன் அழுதார்?"

"அழுதார். அதுக்கப்புறம் யோசிச்சார். ரசிகர்ங்க தியேட்டரை உடைச்சுடுவாங்கன்னு சொல்றார்."

"எனக்கும் மனசுல இருந்துச்சு, சொல்லலை" என்றார் முதலாளி. "எங்க கம்பெனி சாமான் கீழ விழுந்தா உடையாது தம்பி. அதுதான் எங்க விளம்பரமே. கிளைமாக்ஸ்ல அது சுக்குநூறா உடைஞ்சா நாளைக்கு யாரு வாங்குவா?"

"அப்ப சாபம் எப்படி சார் தீரும்?"

"துடைக்கட்டும்" என்றார் முதலாளி. "நல்ல துணியால ஒரே ஒரு துடை. பளிச்சுன்னு ஆயிடும். உள்ள இருந்து அண்ணன் வந்துடட்டும்."

"ஒரு துடையில சாபம் தீர்ற மாதிரி இருந்தா, அந்தப் பொண்ணு முதல் ரீல்லயே துடைச்சாச்சு சார்!"

"அது பட்டுத் துணி. இது வேற துணி" என்றார் மேனேஜர்.

டைரக்டர் அன்றுதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "முடியாது சார். இதை விட்டா கதையே இல்ல. நான் எடுத்தா உடைச்சுத்தான் எடுப்பேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, அண்ணனோடு மட்டும் பேசும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியே அவர் தலையை ஆட்டுவது தெரிந்தது. திரும்பி வந்தார்.

"உடைச்சா அண்ணன் இல்ல. காலைக்குள்ள சொல்லச் சொன்னார்."

அன்று சாயங்காலம் டைரக்டர் வீட்டுக்குப் போனபோது மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை. அவர் குடை பிடித்த காலமெல்லாம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஊசியால்தான். கணவன் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, கூஜா இன்னும் பெரிசாயிடுச்சா?"

அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஸீனை எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பீங்க? கல்யாணமான புதுசுல சொல்லி, நான் அழுது, எங்கம்மா வந்து மாப்பிள்ளை உன்னை அடிச்சுட்டாரான்னு கேட்டாங்க."

"ஞாபகம் இருக்கு."

"அது இல்லாம இந்தப் படத்துல உங்களுதுன்னு என்னங்க இருக்கு?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"பேரு" என்றார். "டைரக்ஷன்னு போட்டு என் பேரு வரும்."

அவள் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த வயதில் இந்தப் படமும் நின்றுபோனால் மறுபடி யாருக்குக் குடை பிடிப்பது என்கிற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிசாக இருந்தது.

மறுநாள் துடைத்தே எடுத்தார்கள். கதாநாயகி கையில் ஒரு மஞ்சள் துணியைக் கொடுத்தார் டைரக்டர். அவள் துணியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உடைக்கிற ஸீனுக்காகத்தான் சார் நான் இந்தப் படத்துக்கே ஒத்துக்கிட்டேன். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை நாள் பழகினேன் தெரியுமா?"

"துடைக்கும்போதும் அதே உணர்ச்சி வரலாம்மா."

"வருமா சார்?"

"வராது" என்றார் கேமராமேன், யாரையும் பார்க்காமல்.

வரவில்லை. கதாநாயகி கண்ணீர் விட்டுக்கொண்டே துடைத்தாள். ஜன்னல் கண்ணாடி துடைக்கிறவளுக்குத் தூசி கண்ணில் விழுந்ததுபோல் இருந்தது. பீங்கான் முதலாளி மட்டும் கைதட்டினார். பளபளப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.

கடைசி நாள் வந்தது. அண்ணன் முகத்தோடு வரவேண்டிய நாள். துடைத்த கூஜாவிலிருந்து புகை வந்து, புகைக்குள்ளிருந்து அண்ணன் எழுந்து நடக்கவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"நானே போய் அண்ணனை அழைச்சிட்டு வர்றேன்" என்று மேனேஜர் விடிந்ததும் கிளம்பிப்போனார். அண்ணன் வசதியாக வரவேண்டும் என்று கேரவனையும் எடுத்துக்கொண்டு போனார். கூஜாவை நாலு பேர் இறக்கி வைத்தார்கள்.

செட் தயாராகிவிட்டது. புகை மெஷின் தயார். பீங்கான் முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணனுக்குப் பரிசளிக்கப் பெரிய டின்னர் செட் பெட்டி ஒன்றோடு வாசலில் நின்றார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மதியச் சாப்பாடு முடிந்தும் வரவில்லை. மேனேஜரின் இரண்டு போன்களும் எடுக்கப்படவில்லை. டைரக்டர் வாசலுக்கும் கூஜாவுக்குமாக நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது.

மூன்று மணி வாக்கில் ஓர் ஒப்பனைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணன் வர்றாரு! நடந்தே வர்றாரு!"

அண்ணன்தான். சந்தேகமே இல்லை. முகத்தில் பாதி ஒப்பனை, கழுத்தில் ஒரு துண்டு. பின்னால் இரண்டு பேர். செட்டில் எல்லோரும் எழுந்தார்கள். கூஜாவுக்கு எழுந்து பழகியிருந்ததால் தாமதமே இல்லாமல் எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. வேலையைப் பாருங்க" என்றார் அண்ணன். திரையில் இருப்பதைவிடக் குள்ளமாக, திரையில் இருப்பதைவிட நல்லவராகத் தெரிந்தார்.

"அண்ணே, காலையில இருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் டைரக்டர்.

"எனக்காகவா? ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார் அண்ணன். போகிற இடத்திலெல்லாம் யாராவது அவருக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். "இந்தக் கூஜாவைப் பத்திதான் ஊரெல்லாம் பேச்சு. எங்க காட்டுங்க."

காட்டினார்கள். அண்ணன் அதைச் சுற்றி வந்தார். மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிசா இருக்கே? இதைப் போய் ஒரு பொண்ணு தூக்கும்னு சொன்னாங்களே, எப்படித் தூக்கும்?"

டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி பெட்டியை நீட்டினார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வாங்கிப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார்.

"கதையைச் சொல்லுங்க தம்பி, கேப்போம்."

தம்மைச் சோதிக்கிறார் என்று டைரக்டர் நினைத்தார். பெரிய நடிகர்கள் ஒரே கதையை இரண்டு தடவை கேட்டு, எங்கே மாற்றினாய் என்று பிடிப்பார்களாம். முழுக்கச் சொன்னார். வெல்வெட், மூக்குக் கண்ணாடி, இளவரசி, பட்டுத் துணி, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் மஞ்சள் துணிக்கு வந்தார்.

"துடைக்கிறதா?" என்றார் அண்ணன். முகம் சுருங்கியது. "துடைச்சா என்ன தம்பி இருக்கு அதுல? அந்தப் பொண்ணு அதைப் போட்டு உடைக்கணும். தனக்குன்னு இருக்கிற ஒரே துணையைத் தன் கையாலயே உடைக்கணும். அப்பத்தான் பார்க்கிறவன் நெஞ்சு அடைக்கும்."

கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். டைரக்டரின் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் அவர் முயலவில்லை.

"அண்ணே... உடைக்கலாமாண்ணே?"

"தாராளமா உடைங்க."

"நான் முதல்லயே சொன்னேன்ல, உடைக்கலாம்னு!" என்று பீங்கான் முதலாளி முன்னால் வந்தார். "அண்ணன் சொன்னா கூஜா என்ன, தொழிற்சாலையையே உடைக்கலாம். தம்பி, சின்னக் கூஜாவை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இப்பவே எடுத்துடலாம்."

சின்னக் கூஜாவைக் கொண்டுவந்தார்கள். கதாநாயகி பட்டுப் புடவையைக் களைந்து, பாத்திரம் கழுவும் பெண்ணின் பழைய உடையில் ஓடிவந்தாள். கேமராமேன் இத்தனை நாளில் முதல் தடவையாக விசிலடித்தார். டைரக்டர் மனைவிக்குப் போன் போட்டு, "உடைக்கிறோம்!" என்று மட்டும் கத்திவிட்டு வைத்தார். எந்தத் தடையும் இல்லை, எந்த மேனேஜரும் இல்லை, அண்ணனே பக்கத்தில் நின்று ஆசீர்வதிக்கிறார். மனிதனுக்கு வாழ்க்கையில் வேறு என்ன வேண்டும்?

"ஷாட் முடிஞ்சதும் உங்க குளோஸப் அண்ணே" என்றார் டைரக்டர்.

வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்த அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. பக்கத்துப் படப்பிடிப்புத் தளத்தில் அவருடைய விளம்பரப் படத்துக்கு லைட் போட்டுவிட்டதாக யாரோ வந்து கூப்பிட்டிருந்தார்கள். நாலடி போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு நின்று, பெரிய கூஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கதை பிடிச்சிருக்கு தம்பி, என்கிட்ட யாரும் இப்படி ஒரு கதை சொன்னதே இல்ல. ஆமா, இந்தக் கூஜா மனுஷனா மாறுற வேஷத்துல யாரு நடிக்கிறாங்க?"